உள்தாழ்ப்பாள்

கம்பின் நுனி இந்த முறையும் சக்கரத்தைத் தொட்டுவிட்டு நழுவியது. அவள் கட்டில் ஓரத்துக்கு இன்னும் ஒரு சாண் நகர்ந்தாள். நகர்ந்தாள் என்றால், வலது கையால் கட்டில் சட்டத்தைப் பற்றி மேல்பாதி உடம்பை இழுத்தாள். கீழ்ப்பாதி, எனக்கென்ன என்று பின்னால் வந்தது. சுவரோரம் சக்கர நாற்காலி, கோபித்துக்கொண்ட விருந்தாளி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அவள் கையிலிருந்தது ஒட்டடைக் கம்பு. நுனியில் ஓர் ஆணியை வளைத்துக் கட்டியிருந்தாள். படுத்தபடியே விளக்கையும் மின்விசிறியையும் தட்டிவிட அதுதான் உதவும். அந்த ஆணி ஒருவழியாக நாற்காலியின் கைப்பிடியில் மாட்டியது. பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். நாற்காலி வரவில்லை. அவள்தான் போனாள்.

விழும்போது கைக்கு அகப்பட்டதைப் பிடித்தாள். அகப்பட்டது தலைமாட்டில் கட்டியிருந்த நைலான் கயிறு. அவளுடைய பாரத்தை ஒரு கணம் தாங்கிப் பார்த்துவிட்டு, அது கதவுப் பக்கத்து முனையில் பட்டென்று அறுந்து அவள்மேலேயே வந்து விழுந்தது.

தரையில் கிடந்தபடி முதலில் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

பிறகுதான் தன்னைப் பார்த்துக்கொண்டாள். தலையில் அடி இல்லை. தோள் வலித்தது, வலித்தால் அது நல்ல செய்தி. மார்புக்குக் கீழே எதுவும் வலிக்காது. அங்கே எலும்பு முறிந்தாலும் சூடு பட்டாலும் யாராவது பார்த்துச் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, யாரோ கழற்றிப் போட்ட கால்சட்டை மாதிரி மடிந்து கிடந்தன.

கத்தலாம். விடிந்துவிட்டது, மாடியில் வீட்டுக்காரம்மா எழுந்து நடக்கிற சத்தம் கேட்கிறது. ஒரு குரல் போதும். ஆனால் வீட்டுக்காரம்மா இறங்கி வந்தால் அடுத்த நிமிஷம் தம்பிக்குப் போன் போகும். தம்பி வந்தால் மறுபடியும் பராமரிப்பு இல்லம். இந்த அறைக்கு வரும்போது தம்பி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "ஒரு தடவை விழுந்தா போதும்க்கா. அப்புறம் நான் உன் பேச்சைக் கேக்கமாட்டேன்." வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில்தான் இருந்தது. அவள் பெயரில் எழுத வீட்டுக்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

அவள் கத்தவில்லை.

பஸ் கவிழ்ந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தையல் கம்பெனியில் பொத்தான் பிரிவுக்கு மேற்பார்வை. வேலை முடிந்து திரும்பும் வழியில் பஸ் பாலத்திலிருந்து சரிந்தது. அவளுடைய முதுகெலும்பு மார்பு உயரத்தில் நொறுங்கியது. அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டாள். பிறகு தம்பி வீட்டில் கொஞ்ச காலம். அது இரண்டு அறை வீடு, குழந்தைகள், நாற்காலி நுழையாத குளியலறை. பிறகு இல்லம். 'கொஞ்ச நாளைக்குத்தான்' என்று கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் கொஞ்ச நாள் பத்துப் பன்னிரண்டு வருஷம் நீண்டது.

இல்லத்தில் யாரும் அடிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சோறு நேரத்துக்கு வந்தது. எல்லாமே நேரத்துக்கு வந்தது, அதுதான் சங்கடம். தூங்க வேண்டிய நேரம், குளிக்க வேண்டிய நேரம், வயிறு காலியாக வேண்டிய நேரம் எல்லாவற்றையும் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எந்தக் கதவுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. நன்கொடை கொடுக்க வருகிறவர்கள், ஆயாக்கள் அவளுக்கு உடை மாற்றிக்கொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார்கள். இடுப்பில் இருக்கும் குழந்தையிடம், "இவங்களுக்கு வணக்கம் சொல்லு" என்பார்கள். அரை உடையோடு அவளும் வணக்கம் சொல்வாள்.

இல்லத்துக்குக் குடிநீர் கேன் போடும் கடையோடு போனில் மல்லுக்கட்டுவது அவள் தலையில் விழுந்தது. கேன் வராத நாளெல்லாம் அவள் முதலாளியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஒருநாள் அவரே கேட்டார். "ஏம்மா, எங்கிட்ட போடுற சண்டையை எனக்காக மத்தவங்ககிட்ட போடுவியா? சம்பளம் தரேன்." அப்படிக் கிடைத்ததுதான் வேலை. ஆர்டர் எடுக்க வேண்டும், முகவரி சொல்ல வேண்டும், திட்டு வாங்க வேண்டும். இன்று சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு அவள் 'தண்ணியக்கா'. அவளை ஒருவரும் பார்த்ததில்லை.

சம்பளம் வந்த பிறகு அறை தேடினாள். கார் நிறுத்துகிற கொட்டகையை அறையாக்கி வைத்திருந்தார் இந்த வீட்டுக்காரம்மா. வாசலில் படி இல்லை. கேன் வண்டி ஓட்டுகிறவர்தான் வந்து தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தார். அவருக்கு 'மூணாமாடி' என்று பெயர். எந்த முகவரியைச் சொன்னாலும் "மூணாம் மாடியா?" என்றுதான் முதலில் கேட்பார். நாற்காலியில் உட்கார்ந்தால் எட்டுகிற உயரத்தில் தாழ்ப்பாளைப் பொருத்தி, அதற்கு இரண்டு கயிறு கட்டிக் கட்டிலின் தலைமாடுவரை இழுத்துவிட்டார். ஒன்றை இழுத்தால் மூடும். இன்னொன்றை இழுத்தால் திறக்கும். முதல் நாள் அவள் அதை மூடி, திறந்து, மூடி, மறுபடி திறந்து மூடினாள். "அறுந்துடப் போகுது தங்கச்சி" என்றார் மூணாமாடி. இத்தனை வருஷம் கழித்து இன்று அறுந்த கயிறு திறக்கிற கயிறு.

காலையும் மாலையும் ஆயாம்மா வருவாள். இல்லத்தில் ஆயாவாக இருந்தவள், அவளோடு வெளியே வந்தவள். இந்த வாரம் ஆயாம்மாவின் மகளுக்குப் பிரசவம். நேற்று மாலைக்கு மட்டும் தன் நாத்தனாரை அனுப்பியிருந்தாள். நாத்தனார் இன்னமும் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். கை சுத்தம், பேச்சு குறைவு. இவளைக் கட்டிலில் படுக்கவைத்து, சுவர்ப்பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்தாள். பிறகு இல்லத்தில் தினமும் செய்வதை இங்கேயும் செய்தாள். ராத்திரி சுற்றி வருகிற ஆயாக்கள் இடறி விழக்கூடாது என்று அங்கே எல்லா நாற்காலிகளையும் சுவரோரம் தள்ளி, இரண்டு பக்கமும் பிரேக் போட்டுவிடுவது வழக்கம். தூசி படாமல் மேலே ஒரு துண்டும் போர்த்திவிட்டு, "வரேன்மா" என்று போனாள். அவள் போனதும் இவள் கயிற்றை இழுத்துத் தாழ் போட்டுக்கொண்டாள். காலையில் நாற்காலி இருக்கிற பக்கம் கையை நீட்டியபோது காற்றுதான் அகப்பட்டது.

நாற்காலி கட்டிலை ஒட்டி நின்றால் அவளே பலகையை நடுவில் வைத்து நகர்ந்து ஏறிவிடுவாள். தரையிலிருந்து ஏற முடியாது. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

தலை இடிக்கத் தொடங்கியது. பின்மண்டையில் சுத்தியலால் தட்டுகிற மாதிரி. முகம் வேர்த்துக் கொட்டியது. இது அவளுக்குப் பழகிய இடி. கீழே எங்கோ, சிறுநீரைப் பைக்கு இறக்குகிற ரப்பர் குழாய் மடிந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. வலி என்று சொல்லத் தெரியாத உடம்பு அதைத் தலைவழியாகச் சொல்கிறது. கண்டுகொள்ளாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கட்டில் காலைப் பிடித்து மூச்சை அடக்கிப் புரண்டாள். தொடைக்கு அடியில் கையைவிட்டுத் தடவிக் குழாயை நிமிர்த்தினாள். பையில் சிறுநீர் சரசரவென்று இறங்கியது. மண்டையில் சுத்தியல் மெதுவாக நின்றது. மூத்திரம் போவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிற பெண் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தாள்.

முக்காலிமேல் போன் அடிக்க ஆரம்பித்தது. சார்ஜர் வயர் கைக்கு எட்டியது. இழுத்தாள். போன் முக்காலி விளிம்புவரை வந்து, யோசித்து, அவள் நெஞ்சில் விழுந்தது.

"தண்ணி கடை, சொல்லுங்க."

"என்னம்மா, போன் எடுக்க இவ்வளவு நேரமா? இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கலையா?"

"படுத்துதான் இருக்கேன் சார். சொல்லுங்க."

"நேத்து வந்த கேன் மேலெல்லாம் தூசி. துடைச்சுக் கொடுக்கக் கூடாதா?"

"தூசி வெளியேதானே சார், தண்ணி உள்ளே இருக்கு. இன்னிக்குத் துடைச்சுத் தரச் சொல்றேன்."

"நல்லாப் பேசுறே நீ. எப்ப வரும்?"

"பத்து மணிக்குள்ள."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

"போன தடவையும் வந்துச்சே சார்."

போனை எடுக்காமல் விட முடியாது. எடுக்காவிட்டால் வாடிக்கையாளர் முதலாளியைக் கூப்பிடுவார், முதலாளி வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுவார். அடுத்து ஒரு பல் மருத்துவமனை, ஒரு தையற்கடை. எழுத முடியாததால் முகவரிகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஆயாம்மாவைக் கூப்பிட்டாள்.

"பொண்ணுக்கு இன்னும் ஆகலை கண்ணு" என்றாள் ஆயாம்மா. "ராத்திரியிலேருந்து உள்ளேயே வச்சிருக்காங்க. காலை பஸ்ஸை விட்டுட்டேன். நாத்தனார் வந்தாளா?"

"அவங்களுக்குக் காலைல இல்லத்துல வேலை. வரமாட்டாங்க."

"அப்ப எப்படி எழுந்தே?"

"எழுந்திருக்கலை. கீழே கிடக்கேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அழாதீங்க. பொண்ணு பக்கத்துல நின்னுக்கிட்டு அழாதீங்க."

"நாற்காலி எங்கே போச்சு?"

"சுவத்தோரம் இருக்கு. ரெண்டு பிரேக்கும் போட்டு, குளிராம இருக்கத் துண்டும் போத்தி."

"பாவி மக. இல்லத்துப் புத்தி. நானும் ஒரு காலத்துல அப்படித்தானே பண்ணேன்." ஆயாம்மா குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடு கண்ணு. பிடிவாதம் பிடிக்காதே."

"கூப்பிட்டா எங்கே போய்ச் சேருவேன்னு உங்களுக்குத் தெரியும்."

ஆயாம்மாவுக்குத் தெரியும்.

போனை நைட்டிக் கழுத்துக்குள் செருகிக்கொண்டு கதவை நோக்கி நகர்ந்தாள். இழுத்துக்கொண்டு போகக்கூடாது என்பது அவளுக்கு அரிச்சுவடி மாதிரி பாடம். உணர்ச்சியில்லாத தோல் சிமென்டுத் தரையில் உரசினால் வாழைப்பட்டை மாதிரி உரியும், உரிவது தெரியாது. தெரிந்தேதான் இழுத்தாள். முழங்கைகளை ஊன்றி, ஒரு முழம், மூச்சு வாங்கல், ஒரு முழம். கதவடியில் போய்ச் சேர்ந்து கையை உயர்த்தினாள். விரல்நுனிக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. கதவுச் சட்டத்தைப் பிடித்து எம்பினாள். சரிந்தாள். மறுபடி எம்பினாள். கன்னம் தரையில் பட்டது. தரை குளிர்ச்சியாக இருந்தது. சற்று நேரம் அப்படியே கிடந்து, வாயில் நைட்டியைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு மூணாமாடியைக் கூப்பிட்டாள்.

வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்தார் அவர். கதவுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தங்கச்சி, கால்மேலே துணியை இழுத்துக்கோ. நான் பார்க்கலை."

"எட்டலை அண்ணே."

தோளில் கிடந்த துண்டைக் கம்பிகளுக்கு நடுவே உள்ளே தள்ளிவிட்டார். அவள் போர்த்திக்கொண்ட பிறகுதான் திரும்பினார்.

"வாழ்க்கையில இன்னிக்குத்தான் தரைத்தளத்துல வேலை கிடைச்சுது. அதுவும் உள்ளே பூட்டியிருக்கு" என்றார். கேன்களை வரிசையாக நிறுத்துகிற கொக்கிக் கம்பியை வண்டியிலிருந்து எடுத்துவந்து, ஜன்னல் வழியாகக் கையைத் தோள்வரை விட்டுத் தாழ்ப்பாளைத் துழாவினார். கொக்கி மாட்டும், நழுவும். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று அவள் கீழேயிருந்து சொன்னாள். "உன் இடதா, என் இடதா?" என்றார் அவர்.

"யாருய்யா அது, ஜன்னலுக்குள்ளே கையை விட்டுக்கிட்டு?"

வீட்டுக்காரம்மா மாடிப்படியில் பாதியில் நின்றார். வீட்டுக்காரம்மா இறங்கிவந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்த முகம் அப்படியே நின்றது.

"எப்பலேருந்து இப்படிக் கிடக்கே?"

"இப்பதாம்மா."

"பொய் சொல்லாதே. விடியும்போதே ஒரு சத்தம் கேட்டுச்சு. பூனைன்னு நினைச்சேன்."

"அம்மா, தம்பிக்கு மட்டும் சொல்லிடாதீங்க."

"எப்படிம்மா சொல்லாம இருக்கறது? என்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனார்."

"வாடகை நான்தானே தரேன்."

"வாடகையை யாரு கேட்டா? தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு உள்ளேயே ஒண்ணு ஆகியிருந்தா? நான் மேலே டிவி பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன். அப்புறம் ஆயுசுக்கும் எனக்குத் தூக்கம் வருமா?"

"ஒரே ஒரு தடவைம்மா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

யாரிடமும் சொன்னதில்லை அவள் அதை. வீட்டுக்காரம்மாவின் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு போனில் எண்ணைத் தேடிக்கொண்டே நகர்ந்து மாமரத்தடிக்குப் போய்விட்டார். அவர் பேசி முடிக்கும்போது கொக்கி சரியாக மாட்டி, தாழ்ப்பாள் 'டக்' என்று விலகியது.

கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. மூணாமாடி முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல், கேனைத் தூக்குகிற அதே பக்குவத்தில் அவளைத் தூக்கினார். வீட்டுக்காரம்மா கால்களைப் பிடித்துக்கொண்டார். நாற்காலியில் உட்காரவைத்ததும் அவள் முகவரிகளை ஒப்பித்தாள்.

"பல் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு. தையற்கடைக்கு ஒண்ணு. பெட்ரோல் பங்க் பின்னாடி அந்த சார் வீட்டுக்கு, கேனைத் துடைச்சுக் கொடுங்க."

"இப்ப இதுவா முக்கியம்?"

"இதுதாண்ணே முக்கியம்."

அவர் போன பிறகு முகம் கழுவினாள். தலை சீவினாள். நைட்டிக்குமேல் சட்டையைப் போட்டுக்கொண்டு, துண்டை மடியில் விரித்து, நாற்காலியை மேசை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆர்டர் நோட்டைத் திறந்துவைத்துப் பேனா மூடியைக் கழற்றினாள். எந்த நாளும் போல.

தம்பி எப்போதும் ஸ்கூட்டரில் வருகிறவன். இன்று வாடகைக் காரில் வந்து இறங்கினான். அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"டீ குடிக்கிறியாடா?"

"அக்கா, நாம பேசினோமில்ல?"

"பேசினோம். நான் விழலை. நாற்காலியைத் தூக்கித் தூர வச்சுட்டாங்க. உன் கண்ணாடியை ஒருத்தன் ஒளிச்சு வச்சு நீ போய் சுவத்துல முட்டிக்கிட்டா, அது உன் தப்பா?"

"யார் தப்புன்னு நான் கேக்கலையே."

"போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கையில கட்டோட அலைஞ்சியே. உன்னை எந்த இல்லத்துல சேத்தாங்க?"

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். சின்ன வயதில் அடி வாங்கிய பிறகு இப்படித்தான் உட்காருவான்.

"ராத்திரி போன் அடிச்சா எனக்கு நெஞ்சே நின்னுடுதுக்கா. ராங் நம்பரா இருந்தாக்கூட. எத்தனை வருஷம் இப்படி?"

"நான் கேட்டேனா உன்னை முழிச்சிருக்கச் சொல்லி?"

"கேக்கலை. அம்மா கேட்டா, போறதுக்கு முன்னாடி." பிறகு, "இல்லத்துக்குப் பேசிட்டேன். ஒரு கட்டில் காலியா இருக்காம். ஜன்னலோரம்" என்றான்.

ஜன்னலோரக் கட்டில் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

"அது கணக்கு டீச்சரோடதாச்சே. அவங்களுக்கு என்ன?"

"தெரியலை. காலின்னு மட்டும்தான் சொன்னாங்க."

போன் அடித்தது. ஒரு கல்யாண மண்டபம். எத்தனை கேன், எந்த வாசல், காலி கேன் எப்போது திருப்பித் தருவார்கள் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டு எழுதினாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அந்தக் கட்டில்ல நான் படுத்தா அரசாங்கம் அவங்களுக்குப் பணம் கொடுக்கும்" என்றாள் போனை வைத்துவிட்டு. "அதை எங்கிட்ட கொடுங்க, ராத்திரிக்கும் ஒரு ஆள் வச்சுக்கறேன்னு ஆபீசுக்கே போய்க் கேட்டேன். கட்டிலுக்குத்தான் தருவாங்களாம். ஆளுக்குத் தரமாட்டாங்களாம்."

"அதை நான் மாத்த முடியுமா?"

"முடியாது. அதுக்காக நான் போகணுமா?"

அவன் பதில் தேடிய இடைவெளியில் அவள் நுழையப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஆயாம்மா நாளைக்கு வந்துடுவாங்க. சாவியை வீட்டுக்காரம்மாகிட்ட கொடுத்துடறேன். இனிமே உள்ளே தாழ் போடலை. கழட்டிடு. நீயே கழட்டிட்டுப் போ. சரியா?"

அவன் நிமிர்ந்தான். கதவைப் பார்த்தான். அவளுக்கு ஒரு கணம் உயிர் வந்தது, அவன் யோசிக்கிறான். பிறகு அவன் பார்வை கீழே இறங்கி நாற்காலிக்கு அடியில் நின்றது.

"அக்கா. கீழே என்னது?"

குனிந்து பார்த்தாள். தரையில் கருஞ்சிவப்பாக ஒரு சொட்டு. அதன் பக்கத்தில் இன்னொன்று. நாற்காலி மெத்தையின் ஓரம் நனைந்திருந்தது.

வீட்டுக்காரம்மாவும் அவனும் அவளைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தார்கள். தம்பி வெளியே போய் நின்றுகொண்டான். வீட்டுக்காரம்மா நைட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கிவிட்டார்.

"சொல்லுங்கம்மா. எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும்."

"உரிஞ்சிருக்கு. பெரிசா."

"எவ்வளவு பெரிசு?"

"என் கையளவு."

அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இனி உட்கார முடியாது. வாரக்கணக்கில், ஒருவேளை மாதக்கணக்கில் குப்புறவும் பக்கவாட்டிலும் கிடக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது திருப்ப வேண்டும், ராத்திரியும். தினம் மருந்து கட்ட வேண்டும். இல்லாவிட்டால் புண் எலும்புவரை போகும். இல்லத்தில் கட்டில்கள் பெரும்பாலும் அப்படித்தான் காலியாயின.

"இங்கேயே ஒரு ஆள் வச்சு" என்று தலையணைக்குள் முகம் வைத்தபடி தொடங்கினாள்.

"யாரை?" தம்பி வாசலிலிருந்தே கேட்டான். குரலில் கோபம் இல்லை. "ஒரு பேர் சொல்லுக்கா. சொன்னா நான் இப்பவே போய்க் கூட்டிட்டு வரேன்."

ஆயாம்மாவுக்குப் பேறுகாலத்து மகள். நாத்தனாருக்கு இல்லம். மூணாமாடியின் மனைவி இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், அவளுக்கும் மூட்டு வலி. வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நிற்கிறார்; அவரைக் கேட்க முடியாது. மனதுக்குள் ஒவ்வொருவராக வந்து, தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

"யாராவது கிடைப்பாங்க."

"யாராவதுன்னு ஒருத்தர் இல்லைக்கா."

அவள் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "ரூமை விட்டுடாதே. வாடகை நான் கட்டறேன். புண்ணு ஆறினதும் வந்துடுவேன்."

"சரி."

"நிஜமா?"

"சரின்னு சொல்றேனில்ல."

அதைச் சொல்லும்போது அவன் வீட்டுக்காரம்மாவைத்தான் பார்த்தான். வீட்டுக்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாற்காலியை மடக்கி டிக்கியில் வைத்தார்கள். அவளைப் பின் இருக்கையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். கார் கதவைச் சாத்தும்போது அவள் கையை நீட்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். தம்பி விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக, நகம் படாமல் பிரித்தான். பிரிக்கும்போது "மன்னிச்சுக்கோ" என்றான். அவள் விரல்களை மறுபடி மூடவில்லை.

மறுநாள் காலை இல்லத்தில் நர்ஸ் வந்து கட்டைப் பிரித்துக் கழுவி மருந்து வைத்தாள். காயம் ஆறக் காலம் பிடிக்கும் என்றாள். ஆறு வாரம் என்று ஒரு ஆயா சொன்னாள், இன்னொருத்தி ஆறு மாதம் என்றாள். போன்களை அலுவலக அறையில் வைத்துப் பூட்டுவது இப்போதைய வழக்கம். மாலையில் ஒரு மணி நேரம் தருவார்கள். கேன் முதலாளி ஆர்டர் எடுக்கத் தன் மச்சான் மகளைப் போட்டார். பத்து மணிவாக்கில் ஆயாம்மாவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆயாம்மா சாயங்காலம் பையோடு அறைக்குப் போய், அது காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மதியமே தம்பி ஒப்பந்தத்தை முடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தான். கட்டிலையும் முக்காலியையும் தன் வீட்டு மொட்டைமாடியில் போட்டிருந்தான். வீட்டுக்காரம்மா சுண்ணாம்பு அடிக்கிறவரை வரச் சொல்லியிருந்தார். கணக்கு டீச்சர் தவறிப்போய் இரண்டு வாரம் ஆகிறது என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். நாலரைக்குத் தம்பி பழம் வாங்கிக்கொண்டு வந்தான். அறை இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றான். அவன் போன பிறகு இரண்டு ஆயாக்கள் வந்து அவளை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தார்கள்.